வயது போனால் கலரும் போகவேணுமோ?

வன்னியில் ஐம்பத்தைந்தைத் தாண்டிய ஒரு பெண்ணின் உடுப்பு அலுமாரியைத் திறந்து பாருங்கள். பரந்தனாக இருக்கட்டும், மல்லாவியாக இருக்கட்டும், புதுக்குடியிருப்பாக இருக்கட்டும், கைக்கு எட்டும் தட்டில் ஒரே அடுக்குத்தான்: சாம்பல், வெளிறிய மண்ணிறம், அழுக்கு றோஸ், சோர்ந்த நீலம், சந்தனம் என்று சொல்லி வாங்கி இப்போது என்ன நிறம் என்றே சொல்லமுடியாத ஒன்று. மேல்தட்டில், பூச்சி உருண்டை போட்ட பையொன்றுக்குள், மகளின் கலியாணத்துக்கு எடுத்த அரக்குச் சேலை. அதை ஏன் உடுப்பதில்லை என்று கேட்டால் வருகிற பதிலும் ஒன்றுதான். "இனி எனக்கென்ன ரீச்சர், பேரப்பிள்ளையும் கண்டிட்டன். இந்த வயதில அதைக் கட்டிக்கொண்டு போனால் சனம் என்ன கதைக்கும்?"

சனம் கதைக்கட்டும். இந்த விஷயத்தில் எனக்கு நெடுநாளாக மனத்தாங்கல் உண்டு.

நான் கிளிநொச்சி மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களில் மனையியல் படிப்பித்து, அறுபது வயதில் ஓய்வு பெற்றவள். படிப்பித்த காலம் முழுக்கச் சேலைதான். ரீச்சர்மாருக்கு அதுதான் சீருடை. வகுப்பில் நிறச்சக்கரம் கீறிக் காட்டுவேன். வீட்டுக்கு வந்தால் அயலில் யாராவது இரண்டு சேலையைத் தூக்கிக்கொண்டு வந்து, "எனக்கு எது எடுக்குது, ஒருக்காப் பாருங்கோ" என்பார்கள். இப்போது வருகிறவர்கள் அநேகமாக என் வயதுக்காரர்கள். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வயது போகப் போக மங்கல் நிறங்கள்தான் பொருந்தும் என்று நாங்கள் நம்பிக்கொண்டிருப்பது பிழை. இருபது வயதில் சாம்பல் உடுத்தால் பாதகமில்லை, முகம் அதைத் தாங்கும். அறுபது வயதில்தான் சாம்பல் கூடாது.

ஏன் என்று சொல்கிறேன். இளவயதில் நிறங்களின் வேறுபாடு முகத்திலேயே இருக்கிறது. கறுத்த தலைமயிர், கறுத்த புருவம், கண்ணின் வெள்ளை, உதட்டுச் சிவப்பு, இவற்றுக்கிடையில் தோல். பக்கத்தில் எந்தத் துணியைப் பிடித்தாலும் அந்த முகம் தெரியும். வயது போகும்போது மயிரின் வேரில் நிறமியை உண்டாக்கும் கலங்கள் ஓய்ந்துவிட, நரை விழுகிறது. புருவம் ஐதாகிறது. உதட்டின் நிறம் இறங்குகிறது. கண்ணின் வெள்ளையும் கொஞ்சம் மஞ்சளாகிறது. 2013இல் பிரெஞ்சு, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து பெண்களின் முகப் படங்களை வைத்து இதை அளந்தே பார்த்தார்கள். புருவம், கண், உதடு இவற்றுக்கும் சுற்றியுள்ள தோலுக்கும் இடையிலான வேறுபாடு வயதோடு பல விதத்தில் குறைகிறது. அதே படத்தில் அந்த வேறுபாட்டை மட்டும் கொஞ்சம் கூட்டிக் காட்டினால், பார்க்கிறவர்கள் முகத்தை இளமையாக மதிப்பிட்டார்கள். வெள்ளைக்காரர்களுக்கு மட்டும்தான் இது பொருந்துமோ என்று கேட்கலாம். 2017இல் சீன, லத்தீன் அமெரிக்க, தென்னாபிரிக்கப் பெண்களின் முகங்களிலும் அப்படியே கண்டார்கள்.

எங்கள் தோலுக்கென்று இன்னொரு குணமும் இருக்கிறது. நிறமி கூடிய தோல் என்பதால் சுருக்கம் பிந்தித்தான் வரும். அதற்குப் பதிலாக நிறம் திட்டுத் திட்டாக மாறும். கண்ணுக்குக் கீழே கருமை, வாயைச் சுற்றிக் கருமை, கன்னத்தில் கரும்படை. வயலிலும் தோட்டத்திலும் வெயில் குடித்த முகங்களில் இது இன்னும் கூட. ஆகவே எங்களில் யாராவது "எனக்கு இந்தக் கலர் வயதைக் காட்டுது" என்று சொன்னால், பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், அந்தத் துணி இந்தத் திட்டுகளை எடுத்துக் காட்டுகிறது. சுருக்கத்துக்கும் அதற்கும் தொடர்பு குறைவு.

துணி இதை இரண்டு வழியில் செய்கிறது. ஒன்று, வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவது. எங்கள் வெயில் உச்சிக்கு நேரே நிற்கும். கண்குழி, மூக்கின் கீழ், நாடியின் கீழ் எல்லாம் நிழல் விழும். கழுத்தடியில் வெளிச்சமான துணி இருந்தால் அது கீழிருந்து வெளிச்சத்தை முகத்துக்கு எறியும், நிழல் குறையும். கலியாண வீட்டில் படம் பிடிக்கிற பெடியன்கள் வெள்ளைத் தட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பது இதற்காகத்தான். கறுப்புத் துணி வந்த வெளிச்சத்தை விழுங்கிவிடும். நிழல் நிழலாகவே நிற்கும். துணிக்கு நிறம் இருந்தால் அந்த நிறமும் கொஞ்சம் மேலே ஏறும். கிளிப்பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு முற்றத்து வெயிலில் நிற்கிற ஒருவரின் நாடிக்குக் கீழே பாருங்கள், பச்சை தெரியும்.

இரண்டாவது வழி நுட்பமானது. இதைக் கண்டு சொன்னவர் பிரான்சைச் சேர்ந்த மிஷேல் எழேன் ஷெவ்ரல் என்ற இரசாயனவியலாளர். பாரிசில் கோபெலன் என்ற புகழ்பெற்ற நெசவுக்கூடத்தில் 1824இல் சாயப் பகுதிக்குப் பொறுப்பாக வந்தார். அங்கே நெய்கிறவர்களுக்கு ஒரு முறைப்பாடு இருந்தது: நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் வைக்கிற கறுப்பு நூல் சரியான கறுப்பாக வரவில்லை, சாயம் கூடாது என்று. ஷெவ்ரல் சாயத்தைச் சோதித்தார். சாயத்தில் பழுதில்லை. பக்கத்து நிறம்தான் அந்தக் கறுப்பைச் சோர வைத்தது. ஒரு நிறத்துக்குப் பக்கத்தில் வைக்கும் எதுவும் அந்த நிறத்தின் எதிர்நிறத்தின், அதாவது நிறச்சக்கரத்தில் அதற்கு நேரெதிரே நிற்கும் நிறத்தின் பக்கம் சாய்ந்து தெரியும் என்று 1839இல் விரிவாக எழுதினார். உடுப்புக்கும் முகத்துக்கும் இது எப்படிப் பொருந்தும் என்பதையும் அதிலேயே எழுதியிருக்கிறார். பச்சைக்குப் பக்கத்தில் முகம் கொஞ்சம் சிவக்கும். நீலத்துக்குப் பக்கத்தில் தோலின் செம்பொன் தன்மை மேலே வரும். மஞ்சளுக்குப் பக்கத்தில் ஊதாத் தன்மை வரும். கண்ணுக்குக் கீழே கருமை உள்ளவர்களுக்கு அது நல்லதல்ல.

சாம்பல் கலந்த துணி இந்த இரண்டு வேலையையும் செய்யாது. வெளிச்சத்தையும் அனுப்பாது, தோலின் நிறத்தையும் மேலே கொண்டுவராது. இதில் ஒரு குழப்பம் வரக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்: வெளிர் நிறம் வேறு, மங்கல் நிறம் வேறு. காலையில் பூத்த பூவரசம் பூவின் மஞ்சள் வெளிர்தான், ஆனால் துலக்கமானது. இளநீலமும் அப்படித்தான். நான் வேண்டாம் என்பது சாம்பலோ மண்ணோ கலந்த நிறங்களை. "வயதுக்கேற்ற கலர்" என்று புடவைக்கடையில் எடுத்துப் போடுவது முக்கால்வாசியும் அவைதான்.

அடுத்ததைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். "கறுப்புக்கு அந்தக் கலர் எடுக்காது" என்று சொல்லிச் சொல்லியே எங்கள் பிள்ளைகளை வளர்த்துவிட்டோம். கறுத்த பிள்ளை சிவப்பு உடுக்கக் கூடாது, ஊதா உடுக்கக் கூடாது, கரும்பச்சை உடுக்கக் கூடாது. அந்தப் பிள்ளைதான் இன்று அறுபது வயதில் சாம்பலுக்குள் நிற்கிற அம்மா. நான் கண்ட அளவில் ஆழமான, துலக்கமான நிறங்களை ஏந்துவதற்குக் கறுத்த தோலைப் போல வேறில்லை. மயில் நீலம், அரக்கு, போத்தல் பச்சை, நாவல், குங்குமச் சிவப்பு. வெளிறிய தோலில் இந்த நிறங்கள் ஆளை மூடிவிடும். எங்களில் அவை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். காட்டுக்குள் காயா பூக்கிற காலத்தில் அந்தக் கருங்கிளை முழுக்க நீலமாய் நிற்பதைக் கண்டவர்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை.

விசுவமடுவில் என் மச்சாள் ஒருவர் இருக்கிறார். தோட்டம் செய்கிற குடும்பம். மகனின் கலியாணத்துக்கு உடுக்கவென்று வெள்ளிக் கரை போட்ட சாம்பல் பட்டொன்றைப் பார்த்து வைத்துவிட்டு, என்னிடம் காட்ட வந்தார். மாப்பிள்ளையின் தாய் சாம்பலில்! என்னிடம் பிளவுஸ் துணித் துண்டுகள் நிறைய இருக்கின்றன, பல வருடமாகச் சேர்த்தவை. மத்தியான வெயில் தணிந்த பிறகு அவரை வடக்குப் பார்த்த விறாந்தையில் கதிரையில் இருத்தினேன். பவுடரைத் துடைக்கச் சொன்னேன். பொட்டு இருக்கட்டும், அது எப்படியும் இருக்கப்போகிறது. கண்ணாடியை மகளின் கையில் கொடுத்தேன். பிறகு ஒவ்வொரு துண்டாக நாடிக்குக் கீழே, கழுத்தை மூடிப் பிடித்தேன்.

சாம்பலைப் பிடித்ததும் கண்ணுக்குக் கீழிருந்த கருமை கன்னம் வரைக்கும் இறங்கினதுபோல் தெரிந்தது. நரையும் துணியும் ஒன்றாகிவிட, நடுவில் முகம் காய்ச்சல்காரரின் முகமாக இருந்தது. கடுகு மஞ்சளைப் பிடித்தேன். வாயைச் சுற்றியிருந்த கருமை நன்றாகத் தெரிந்தது. வெளிறிய றோஸ் ஒன்றும் செய்யவில்லை. கத்தரிப்பூ நிறம் நரைக்கு அழகாக இருந்தது, தோலுக்கு அவ்வளவாக இல்லை. பிறகு மயில் நீலம். மச்சாள் கண்ணாடியைப் பார்க்கும் முன்பே மகள் சொன்னாள்: "அம்மா, நல்லா நித்திரை கொண்டு எழும்பின மாதிரி இருக்கிறியள்."

மச்சாள் கண்ணாடியை வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "உண்மையாவோ மச்சாள்? இது இளம் பிள்ளையளின்ர கலரெல்லே?"

"முகம் ஆற்றையோ, கலரும் அவைக்குத்தான்," என்றேன்.

மயில் நீலத்தில் அரக்குக் கரை போட்ட சேலை எடுத்தோம். கலியாணத்தன்று ஒருவரும் குறையாகக் கதைக்கவில்லை. எந்தக் கடையில் எடுத்தது என்று கேட்டுக்கொண்டு சிலர் வந்தார்கள்.

இந்தச் சோதனையில் ஒன்றைத்தான் கவனிக்க வேண்டும். துணியைப் பார்க்கக் கூடாது, முகத்தைப் பார்க்க வேண்டும். துணி அழகாக இருக்கும். கடையில் எல்லாத் துணியும் அழகுதான். கண்ணைச் சற்றே சுருக்கிக்கொண்டு பாருங்கள். கண்ணின் வெள்ளையும் உதடும் முதலில் தெரிந்தால் சரி. துணி முதலில் தெரிந்தால் அதை மடித்து வைத்துவிடலாம். இரண்டு துணியை மாறி மாறிப் பிடித்தால் வேறுபாடு உடனே தெரியும். ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு முடிவு செய்வது கடினம்.

பேத்திமார் போனில் வேறொரு முறை காட்டுகிறார்கள். 1980களில் அமெரிக்காவில் பரவியது. ஆட்களை இளவேனில், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என்று நான்காகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் ஒரு நிறத் தொகுதி கொடுப்பது. மணிக்கட்டு நரம்பு நீலமா பச்சையா என்று பார்க்கச் சொல்வார்கள். எங்கள் தோலில் நரம்பு எங்கே தெரிகிறது? எங்களை எல்லாம் சேர்த்துக் "குளிர்காலம்" என்ற ஒரே பெட்டிக்குள் போட்டுவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. மாரியும் கோடையும் மட்டும் தெரிந்த எங்களுக்கு அது உதவாது. ஒரே தாய் பெற்ற அக்கா தங்கைக்கே நிறம் வேறு. துணியைப் பிடித்துப் பார்ப்பதுதான் வழி.

சரி, சேலைக்கு வருகிறேன். சேலையில் முகத்துக்குப் பக்கத்தில் வருவது எது? ஆறு யார் துணியில் பெரும்பகுதி இடுப்புக்குக் கீழே போய்விடுகிறது. முகத்துக்கு அதால் நன்மையுமில்லை தீமையுமில்லை. இடது தோளில் தலைப்பு, வலது தோளில் பிளவுஸ், இவை இரண்டும்தான் முகத்தோடு பேசுகின்றன. இதை விளங்கிக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஆசையாக வைத்திருக்கிற சாம்பல் சேலையை எறியத் தேவையில்லை. அதற்கு அரக்கிலோ மயில் நீலத்திலோ ஒரு பிளவுஸ் தைத்துப் போட்டால் முகம் தப்பிவிடும். "மச்சிங்" என்று சேலையோடு வருகிற துண்டிலேயே தைக்கிற பழக்கத்தை வயது போனபின் கொஞ்சம் விடலாம்.

கரையையும் கவனியுங்கள். ரீச்சர்மார் போல மடிப்பு வைத்து ஊசி குத்துகிறவர்களுக்குத் தலைப்பின் மடிப்புகள் தோளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குப்படும். மேல் மடிப்பின் கரை கழுத்தோரமாகவே ஓடும். அந்த இடத்தில் முகத்துக்கு மிகக் கிட்டே இருப்பது உடலின் நிறமல்ல, கரையின் நிறம். தலைப்பை விரித்துப் போடுகிறவர்களுக்குக் கரை கையோரமாக இறங்கிவிடும், தோளில் உடல் நிறம்தான் கூடத் தெரியும். ஆகவே சேலை எடுக்கப் போனால், நீங்கள் எப்படி உடுப்பீர்களோ அப்படியே தோளில் மடித்துப் போட்டுப் பாருங்கள். நீட்டி விரித்துக் காட்டுகிற சேலையைப் பார்த்து ஒன்றும் தெரியவராது. பஞ்சாபி போடுகிறவர்களுக்கு இன்னும் இலகு. தோளில் போடுகிற சால்வையை மாற்றினால் முடிந்தது.

கடை வெளிச்சம் பெரிய வில்லங்கம். வெள்ளை எல்.ஈ.டி. பல்ப் எல்லா மூலையிலும் எரியும் கடையில் நாவல் நிறமென்று எடுத்தது முற்றத்துக்கு வந்தால் மண்ணிறமாகிவிடும். சாயத்துக்கு இது இயல்பு. இரண்டு சாயங்கள் ஒரு விளக்கின் கீழ் ஒரே நிறமாகவும், வேறொரு வெளிச்சத்தில் வேறு வேறாகவும் தெரியும். எங்கள் ஊரில் ஆடைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பகுதியில் வேலை செய்கிற பிள்ளையொருத்தி இருக்கிறாள். அங்கே துணியின் நிறத்தைச் சரிபார்க்க உட்புறம் சாம்பல் பூசிய ஒரு விளக்குப் பெட்டி இருக்கிறதாம். அதற்குள் துணியை வைத்து, பகல் வெளிச்சத்துக்குச் சமனான டி65 என்ற விளக்கில் ஒருமுறை, கடை விளக்குக்குச் சமனான டி.எல்.84இல் ஒருமுறை பார்ப்பார்களாம். வெளிநாட்டுக்குப் போகிற சட்டைக்கு அவ்வளவு கவனம். எங்களுக்குக் கடை வாசல் இருக்கிறது. "தம்பி, ஒருக்கா வெளியில கொண்டுபோய்ப் பாக்கிறன்" என்று கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. விடமாட்டேன் என்கிற கடையில் எடுக்காமல் வரலாம்.

இப்போது முகநூல் லைவில் சேலை எடுக்கிற பழக்கம் கூடிவிட்டது. காட்டுகிற பிள்ளையின் முகத்துக்கு முன்னால் வட்ட விளக்கு. அந்த போன் தன்பாட்டில் நிறத்தைத் திருத்தும். உங்கள் போனின் திரை இன்னொரு விதமாகக் காட்டும். மெல்லிய நிற வேறுபாட்டை நம்பி அங்கே எதுவும் எடுக்காதீர்கள். அரக்கு, போத்தல் பச்சை போன்ற ஆழமான நிறங்கள் வந்து சேரும்போது அவ்வளவு ஏமாற்றாது. வெளிர் நிறங்களில்தான் ஏமாற்றம் கூட.

வெள்ளையைப் பற்றிப் பேசாமல் இதை எழுத முடியாது. இங்கே வெள்ளை என்பது ஒரு நிறம் மட்டுமல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். கணவன் இறந்த பெண்ணிடமிருந்து பொட்டையும் பூவையும் எடுக்கிற கையோடு நிறத்தையும் எடுத்துவிடுகிறோம். போருக்குப் பிறகு வன்னியில் அப்படி எத்தனை பெண்கள், அதுவும் எத்தனை இளவயதில் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முப்பது வயதில் நிறத்தை விட்ட அந்தப் பெண்கள் இப்போது ஐம்பதை நெருங்குகிறார்கள். முழு வெள்ளை உடுக்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்பது உண்மை. அதன் இடத்தில் மங்கல் வந்து உட்கார்ந்துகொண்டது. சிவப்புப் பக்கம் கை போனால் இன்னும் பின்னுக்கு இழுக்கிறார்கள்.

அலுமாரிகள் இப்படியானதற்கு வேறு காரணமும் இருக்கிறது. 2009 தொடக்கத்தில் கடற்கரை மணலில் பதுங்குகுழி வெட்டியபோது, இடிந்து விழாமல் அணைகட்ட மண்மூட்டை தைக்க வேறு துணி இருக்கவில்லை. சேலைகளைத்தான் வெட்டித் தைத்தோம். பட்டுச் சேலை, கூறைச்சேலை, மஞ்சள், பச்சை, சிவப்பு எல்லாம் மண்ணை நிரப்பிக்கொண்டு வரிசையாகக் கிடந்தன. உடுத்த உடுப்போடு முகாமுக்குப் போனோம். அங்கே கிடைத்ததை உடுத்தோம். திரும்பி வந்து வீடு கட்டி, பிள்ளைகளைப் படிப்பித்து, கடைசியாகத் தங்களுக்கென்று எடுத்தபோது, மலிவான, அழுக்குத் தெரியாத நிறமாகப் பார்த்து எடுத்தார்கள். செம்மண் புழுதிக்கு அது வசதியும்தான். அந்தத் தேவை இருந்த காலத்தில் அது சரி. இப்போது அந்தப் பெண்களுக்கு ஒரு நல்ல நிறம் உடுக்க உரிமை இருக்கிறது என்று நான் மனதாரச் சொல்கிறேன்.

வெள்ளையை விரும்பி உடுக்கிறவர்களுக்கு ஒன்று. தலை முழுக்க வெளுத்துவிட்ட கறுத்த பெண்ணுக்குத் தூய வெள்ளை போல் எடுப்பானது எதுவுமில்லை. தலையும் துணியும் ஒன்றாகி முகத்தை நடுவில் நிறுத்தும். அரை நரையில் நிற்பவர்களுக்குப் பால் வெள்ளையோ தந்த நிறமோ நல்லது. பழுப்பேறிய வெள்ளைதான் ஒருவருக்கும் ஆகாது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கடினத் தண்ணீர். சவர்க்காரத்தோடு சேர்ந்து ஒரு படிவை நூலில் விட்டுவிட்டுப் போகும். இரும்புத் தன்மை கூடிய கிணறென்றால் மஞ்சளும் ஏறும். கடைசி அலசலில் கொஞ்சம் வினாகிரி விட்டால் அந்தப் படிவு கழரும், நிறத் துணிகளும் அந்தப் படிவால் மங்கித் தெரியாது. பிறகு நீலம். நீலம் போடுவதும் கிட்டத்தட்ட எதிர்நிறக் கணக்குத்தான்: துணியில் ஏறிய மஞ்சளை ஊதாப் பக்கம் சாய்ந்த நீலம் வெட்டிவிட வெள்ளை தெரிகிறது. அளவு தப்பினால் வெள்ளைச் சேலை நீலம் பாய்ந்து, அரை நரைக்காரரின் முகத்தைச் சோர வைக்கும். ஆழமான நிறங்களை உட்புறம் வெளியே திருப்பி, மாமர நிழலில் காயவிடுங்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் நிழலிலேயே ஒரு மணித்தியாலத்தில் காய்ந்துவிடும். வெயிலில் போட்ட அரக்கு இரண்டு வருடத்தில் செங்கல் நிறமாகும்.

தலைக்கு மை பூசுகிறவர்களும் கவனிக்க வேண்டும். கடும் கறுப்பு மை பூசினால் தலை இருபது வயதிலும் முகம் அறுபதிலும் நிற்கும். அப்போது சாம்பல் உடுப்பு இன்னும் மோசம், ஆழமான நிறம் கட்டாயம் வேண்டும். மருதோண்டி வைத்துச் செம்பட்டையானவர்களுக்கு றோஸ், கத்தரிப்பூ இரண்டும் ஒத்துவராது. இலைப்பச்சை, அரக்கு, நாவல் பொருந்தும். நரையை அப்படியே விடுகிறவர்களுக்கு நீலக் குடும்பம் முழுவதும் கிடைக்கும், கத்தரிப்பூவும் கூட. நரை விழுந்த பிறகு புதிதாகக் கிடைக்கிற நிறங்கள் இவை. இருபது வயதில் எனக்குக் கத்தரிப்பூ நிறம் எடுத்ததே இல்லை, இப்போது எடுக்கிறது.

கறுப்பை விரும்புகிறவர்கள் கழுத்தை விட்டுக் கீழே உடுங்கள். வேறொன்றும் சொல்ல இல்லை.

ஆண்களுக்கும் இதே கணக்குத்தான். ஓய்வு பெற்றவுடன் மண்ணிறச் சேட், சாம்பல் சேட் என்று மாறிவிடுகிறார்கள். வெயிலில் கறுத்து, தாடி நரைத்த முகத்துக்கு இளநீலச் சேட் போட்டுப் பாருங்கள். கோயிலுக்கு வெள்ளை வேட்டி கட்டும்போது எல்லா ஆண்களும் ஏன் நன்றாக இருக்கிறார்கள் என்றால், தோளில் கிடக்கிற வெள்ளைச் சால்வை வெளிச்சத்தை முகத்துக்கு அனுப்புகிறது.

கண்ணைப் பற்றியும் சொல்லவேண்டும். வயது போனால் கண்ணின் வில்லை மஞ்சளாகிறது. மஞ்சள் வில்லை நீல வெளிச்சத்தைத் தடுக்கும். அதனால் கருநீலமும் கறுப்பும் ஒன்றாகத் தெரியும், நீலத்துக்கும் பச்சைக்கும் வேறுபாடு பிடிபடாது, வெள்ளை பால் வெள்ளையாகத் தெரியும். கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதால் ஆளுக்கே தெரியாது. என் அம்மாவுக்குக் கண் ஒப்பரேசன் செய்து புது வில்லை வைத்துக் கட்டவிழ்த்த பிறகு, வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்தவர், தன் சேலைகளை ஒவ்வொன்றாகக் கட்டிலில் எடுத்துப் போட்டார். "இதென்ன பிள்ளை, எல்லாம் சாம்பல்! எனக்கு ஆர் இவ்வளவு சாம்பல் எடுத்தது?" நாங்கள் பிள்ளைகள்தான் எடுத்துக் கொடுத்தோம். அவர் அவற்றை நீலம் என்றும் பச்சை என்றும் எண்ணிக்கொண்டிருந்தாரோ என்னவோ. எண்பது தாண்டிய அந்த மனுசி அந்த வருட வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குக் குங்குமச் சிவப்புக் கரை போட்ட பச்சைச் சேலையில்தான் வந்தார். கண்ணில் புரை இருக்கிறவர்கள் நிறம் தெரிவு செய்யும்போது பக்கத்தில் கண் நன்றாகத் தெரிகிற ஒருவரை வைத்துக்கொள்ள வேண்டும்.

கனடாவிலும் லண்டனிலும் பாரிசிலும் இருந்து அம்மாவுக்குச் சேலை அனுப்புகிற பிள்ளைகளும் இதை வாசிப்பீர்கள். உங்கள் பொதிகளில் வருவதும் மங்கல்தான். "அம்மாவுக்கு இது அமைதியாக இருக்கும்" என்று எண்ணி எடுக்கிறீர்கள் என்பது விளங்குகிறது. அம்மாவின் முகத்தை நீங்கள் கடைசியாகப் பகல் வெளிச்சத்தில் பார்த்து எவ்வளவு காலம் என்று யோசியுங்கள். எடுக்க முன்பு ஒருநாள், இங்கே பின்னேரமாக இருக்கும்போது வட்ஸ்அப்பில் அழைத்து, அம்மாவை வாசலுக்கு வரச் சொல்லுங்கள். வீட்டில் இருக்கிற ஒரு நீலத் துணியையும் ஒரு சிவப்புத் துணியையும் மாறி மாறிக் கழுத்தில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். போன் நிறத்தைக் கொஞ்சம் மாற்றும்தான், ஆனால் எந்தத் துணியில் முகம் எடுக்குது என்பது தெரியும். எந்த நிறம் விருப்பம் என்று அவரிடமும் கேளுங்கள். "எதெண்டாலும் சரி" என்று சொன்னால் இன்னொரு முறை கேளுங்கள். முழுச் சேலைக்கு வசதியில்லாதவர்கள் நல்ல ஆழமான நிறத்தில் பிளவுஸ் துணி மட்டும் அனுப்பினாலே போதும். ஒரு மீற்றருக்குக் கொஞ்சம் கூட்டி அனுப்புங்கள், எங்கள் வயதுக்காரருக்குக் கையை முழங்கை வரைக்கும் வைத்துத் தைக்க வேண்டும்.